உண்மை யாருக்குச் சொந்தம்?

93,63,584. தொண்ணூற்று மூன்று இலட்சத்து அறுபத்து மூவாயிரத்து ஐந்நூற்று எண்பத்து நான்கு. இவ்வெண்ணைக் கண்டவுடன் நம் நெஞ்சில் என்ன தோன்றும்? ஒரு வணிகரின் ஐந்தொகையில் கடைசி வரியாக இருக்கலாம். ஒரு பெருநகரத்தின் மக்கள்தொகையாக இருக்கலாம். அதற்கு மேல் எண்ணிப் பார்க்க நமக்கு நேரமும் இல்லை, நாட்டமும் இல்லை. ஆயினும் இந்த எண்ணுக்கு எண்களின் உலகில் ஒரு தோழன் உண்டு. அதன் பெயர் 94,37,056. இவ்விரண்டின் நட்பை ஆராய்ந்தறிய மனித அறிவு பல நூற்றாண்டுகள் உழைத்திருக்கிறது. அந்த உழைப்பின் வரலாற்றைப் புரட்டும்போது கணிதத்தையும் கடந்த ஒரு கேள்வி எழுகின்றது. ஓர் உண்மையைக் கண்டறிந்தவனுக்கு அதன்மீது என்ன உரிமை? அவன் வழிவந்தோம் என்று சொல்லிக்கொள்பவருக்கு என்ன உரிமை?

முதலில் நட்பு இன்னதென்று காண்போம். சிறிய எண்களைக் கொண்டே தொடங்கலாம். 220 என்னும் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களில் அதனினும் சிறியவை 1, 2, 4, 5, 10, 11, 20, 22, 44, 55, 110 ஆகியன. இவற்றைக் கூட்டினால் 284 வரும். இனி 284-ஐ எடுத்துக்கொள்வோம். அதனை மீதியின்றி வகுப்பவை 1, 2, 4, 71, 142. இவற்றைக் கூட்டினால் 220 வரும். ஒன்றின் கூறுகளைச் சேர்த்தால் மற்றொன்று உருவாகிறது. மற்றொன்றின் கூறுகளைச் சேர்த்தால் முதலாவது மீள்கிறது. தன்னைப் பகுத்துத் தந்து மற்றவனை நிறைவாக்குவதுதானே நட்பு! இத்தகைய எண்களை அரபு அறிஞர்கள் 'அல்-அஃதாதுல் முதஹாப்பா' என்றழைத்தனர். ஒன்றையொன்று நேசிக்கும் எண்கள் என்பது பொருள். தமிழில் நாம் நட்பெண்கள் எனலாம்.

220, 284 ஆகிய இணையைப் பண்டைய கிரேக்கர் அறிந்திருந்தனர். நண்பன் யார் என்று வினவியபோது பித்தாகரஸ் இவ்விரு எண்களையே காட்டினார் என்று பிற்காலத்தார் எழுதி வைத்துள்ளனர். ஆனால் அவர்கள் அறிந்தது அந்த ஓர் இணையை மட்டுமே. இன்னொன்று உண்டா, உண்டாயின் அதனைக் கண்டறியும் வழி யாது என்ற கேள்விக்கு விடை வராமலே நூற்றாண்டுகள் கழிந்தன.

பக்தாதில் பிறந்த விதி

அவ்விடையைத் தந்தவர் தாபித் இப்னு குர்ரா. இன்றைய துருக்கியிலுள்ள ஹர்ரான் நகரத்தில் பிறந்து, கி.பி. 901-இல் பக்தாதில் மறைந்த பேரறிஞர் அவர். பக்தாதில் கணிதத்தையும் இயந்திரக் கலையையும் வளர்த்த பனூ மூஸா சகோதரர்கள் அவரது திறமையைக் கண்டு அழைத்துவந்து ஆதரித்தனர். கிரேக்கக் கணித நூல்கள் பலவற்றை அவர் அரபியில் பெயர்த்தார், திருத்தினார், விரித்தார். நட்பெண்களைக் கண்டறிவதற்கென்றே ஒரு நூலும் எழுதினார்.

அவர் தந்த விதியை எளிய முறையில் சொல்வதானால் இவ்வாறு சொல்லலாம். 2-ஐ ஏழு முறை எழுதித் தம்முள் பெருக்கினால் 128. அதற்கு முந்திய படி 64. இவ்விரண்டையும் தனித்தனியே மூன்றால் பெருக்கினால் 192, 384 கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறைத்தால் 191, 383. பின்னர் 192-ஐயும் 384-ஐயும் தம்முள் பெருக்கினால் 73,728. அதிலும் ஒன்றைக் குறைத்தால் 73,727. இப்பொழுது நம் கையில் 191, 383, 73,727 என மூன்று எண்கள் உள்ளன. இம்மூன்றும் பகா எண்களாக, அதாவது ஒன்றாலும் தம்மாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்களாக, இருந்துவிட்டால் நட்பு பிறந்துவிடும். 128-ஐ 191-ஆலும் 383-ஆலும் பெருக்குக, 93,63,584 வரும். 128-ஐ 73,727-ஆல் பெருக்குக, 94,37,056 வரும்.

இது ஏன் இவ்வாறு அமைகின்றது? 128-ஐ வகுக்கும் எண்களை அதனையும் சேர்த்துக் கூட்டினால் 255. ஒரு பகா எண்ணுக்கு ஒன்றும் தானும் ஆகிய இரண்டே வகுக்கும் எண்கள். ஆகவே 191-க்கு அத்தொகை 192, 383-க்கு 384, 73,727-க்கு 73,728. முதல் எண்ணின் முழுத்தொகை 255 × 192 × 384. இரண்டாம் எண்ணின் முழுத்தொகை 255 × 73,728. ஆனால் 192 × 384 என்பதே 73,728 அன்றோ! எனவே இரண்டு தொகைகளும் ஒன்றே: 1,88,00,640. அந்த இரு நண்பர்களையும் கூட்டிப் பாருங்கள். அதுவும் 1,88,00,640 தான். ஆகவே முழுத்தொகையிலிருந்து ஒருவரை நீக்கினால் மற்றவர் நிற்கிறார். முதலாவதற்கு அதனை நீக்கி 31 கூறுகள். இரண்டாவதற்கு 15 கூறுகள். கூறுகளின் எண்ணிக்கை வேறு, உருவம் வேறு; ஆயினும் ஒன்றின் நிறைவு மற்றொன்றில் இருக்கிறது.

இதே விதியில் ஏழு முறைக்குப் பதில் இரண்டு முறை பெருக்கித் தொடங்கினால் 220, 284 வரும். நான்கு முறை பெருக்கித் தொடங்கினால் 17,296, 18,416 என்னும் இணை வரும்.

ஒருதலை நட்பு

மூன்று முறை பெருக்கித் தொடங்கினால் என்ன வரும் என்று வாசகர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். 2-ஐ மூன்று முறை பெருக்க 8. விதிப்படி வரும் மூன்று எண்கள் 11, 23, 287. முதலிரண்டும் பகா எண்கள். மூன்றாவதோ ஏழும் நாற்பத்தொன்றும் பெருகி வந்தது. அது பகா எண் அன்று. இருந்தாலும் இருக்கட்டும் என்று பெருக்கிப் பார்த்தால் 2,024, 2,296 என இரண்டு எண்கள் கிடைக்கின்றன. 2,024-இன் கூறுகளைக் கூட்டினால் சரியாக 2,296 வருகின்றது. மகிழ்ச்சியோடு 2,296-இன் கூறுகளைக் கூட்டுகின்றோம், 2,744 வருகின்றது! ஒன்று கை நீட்டுகிறது; மற்றொன்று வேறு பக்கம் திரும்பி நிற்கிறது.

பாதிக்கு மேல் பொருந்தியாயிற்றே, நட்பென்றே வைத்துக்கொள்வோம் என்று எவரேனும் இரங்கினாலும் பயனில்லை. எண்களிடம் பரிந்துரை செல்லாது. நம் பேச்சிலும் எழுத்திலும் முக்கால் உண்மையை முழு உண்மையாகக் கொண்டாடிப் பழகிவிட்ட நமக்கு இது நல்ல பாடம். ஒரே ஒரு நிபந்தனை தவறினாலும் விதி தன் வாக்கை மீட்டுக்கொள்கிறது.

இருந்ததா, ஆக்கப்பட்டதா?

இங்கே மெய்யியலின் பழம்பெரும் கேள்வியொன்று குறுக்கிடுகிறது. 93,63,584-க்கும் 94,37,056-க்கும் இடையிலான உறவு, மனிதன் கண்டறிவதற்கு முன்பும் இருந்ததா? அல்லது கண்டறிந்தபோதுதான் உண்டாயிற்றா?

எண் என்பதே மனிதன் செய்துகொண்ட கருவி, ஆகவே எண்ணின் குணங்களும் அவன் ஆக்கியவையே என்பார் ஒரு சாரார். இதில் ஓரளவு உண்மை உண்டு. 9, 3, 6 என்னும் வடிவங்கள் மனிதர் செய்தவை. பத்துப் பத்தாக எண்ணுவது நம் விரல்களால் வந்த பழக்கம். இதே எண்ணை அரபியர் எழுத்துகளால் குறித்தனர். நம் முன்னோர் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறியிட்டுத் தமிழ் இலக்கங்களில் குறித்தனர். எழுதும் முறை மாறினால் எண்ணின் தோற்றம் மாறும். ஆனால் உறவு மாறுகிறதா? எந்த மொழியில் எழுதினாலும், எந்தக் குறியால் குறித்தாலும், இதன் கூறுகளைச் சேர்த்தால் அதுவே வரும். பெயர் நம்முடையது, உறவு நம்முடையதன்று.

இன்னொரு சான்றும் உண்டு. நாம் ஆக்கிய பொருளை நம் விருப்பப்படி மாற்றலாம். வீட்டின் வாசலைக் கிழக்கிலிருந்து வடக்கிற்கு மாற்றலாம், சட்டத்தைத் திருத்தலாம், நாணயத்தின் மதிப்பைக்கூட அரசாணையால் மாற்றலாம். 287-ஐப் பகா எண்ணாக மாற்ற எந்த அரசாணையால் முடியும்? தாபித்தை ஆதரித்த கலீபா முஃதளித் பேரரசர்தான். அவர் நினைத்தால் ஓர் அறிஞருக்குப் பொன்னையும் பதவியையும் வழங்க முடியும். 2,296-ஐ 2,024-க்கு நண்பனாக்க முடியாது. உலகில் அதிகாரத்துக்குப் பணியாத பொருள்கள் மிகச் சிலவே. அவற்றுள் இது ஒன்று. இறைநம்பிக்கையுடையோர் இதனை இன்னும் தெளிவாக உணர்வர். மனிதன் அறியாதிருந்த காலத்தும் அறியப்பட்டதாகவே இருந்த உண்மை அது. மனிதன் அதனிடம் பின்னால் வந்து சேர்ந்தான், அவ்வளவே.

தாயத்தும் நிறுவலும்

உண்மையிடம் வந்து சேர்ந்த மனிதர் எல்லோரும் ஒரே விதமாக நடந்துகொள்ளவில்லை. நட்பெண்களின் வரலாற்றில் இரு பாதைகள் பிரிவதைக் காண்கிறோம்.

அப்ஜத் முறையில் 220-க்கு உரிய எழுத்துகள் ராவும் காஃபும். 284-க்கு உரியவை ராவும் ஃபாவும் தாலும். தாயத்துச் செய்வோர் இவ்விரு எண்களை இரு உருவங்களில் பொறித்து, இருவரிடையே அன்பை விளைவிக்கலாம் என்று நம்பினர். வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) தமது முகத்திமாவில் இவ்வழக்கத்தைக் குறிப்பிடுகின்றார். எண்கணிதத்தை விளக்கும் பகுதியில் அன்று, சூனியத்தையும் தாயத்துகளையும் பேசும் பகுதியில்!

அதே எண்களை எடுத்துக்கொண்டு வேறொரு பாதையில் சென்றவர் கமாலுத்தீன் பாரிஸீ. பாரசீகத்தைச் சேர்ந்த இவர், நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தில் ஒளியைச் செலுத்தி வானவில்லின் காரணத்தை ஆராய்ந்தவர். 1319-ஆம் ஆண்டளவில் மறைந்தவர். நட்பெண்கள் பற்றி அவர் எழுதிய நூலுக்கு, 'நண்பர்களுக்கு ஒரு நினைவூட்டல்' என்ற பொருளில் தலைப்பிட்டார். தாபித் நிறுவிய விதி அவருக்கு முன்பே இருந்தது. அதனை அப்படியே ஏற்று மகிழ்ந்திருக்கலாம். அவரோ, எண்களைப் பகா எண்களின் பெருக்கமாகப் பிரித்து, கூறுகள் எத்தனை விதமாகச் சேரும் என்று கணக்கிட்டு, அதே விதிக்குப் புதியதொரு நிறுவல் கண்டார். 17,296, 18,416 ஆகியவை நட்பெண்கள் என்பதையும் காட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில் மேற்கே மராகிஷ் நகரத்தில் வாழ்ந்த இப்னுல் பன்னாவும் (1256–1321) அதே இணையைத் தந்துள்ளார்.

இரு பாதைகளின் வேறுபாடு என்ன? தாயத்துச் செய்பவன் எண்ணைத் தன் ஆசைக்கு ஏவலாள் ஆக்க நினைக்கிறான். நிறுவல் காண்பவன் தன் அறிவை எண்ணின் உண்மைக்கு ஏவலாள் ஆக்குகிறான். முன்னவன் கேட்பது 'இதனால் எனக்கு என்ன கிடைக்கும்?' பின்னவன் கேட்பது 'இது ஏன் இப்படி இருக்கிறது?' தாயத்து பலித்ததா என்பதை எவரும் சோதிக்க முடியாது. பலித்தால் எண்ணின் ஆற்றல் என்பர், பலியாவிட்டால் பொறித்த நேரம் சரியில்லை என்பர். நிறுவலையோ ஒரு சிறுவனும் சோதிக்கலாம்.

இது பழங்கதை என்று நாம் கடந்துவிட முடியாது. பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளை அப்ஜத் முறையில் கூட்டிப் பெற்ற 786-ஐக் கடிதத்தின் தலைப்பில் சுருக்கக் குறியாக இடுவது ஒன்று. 786 என்று முடியும் ரூபாய் நோட்டைச் செலவழிக்காமல் பெட்டியில் பூட்டி வைத்தால் செல்வம் பெருகும் என்று நம்புவது முற்றிலும் வேறொன்று. ஒரு வாக்கியத்தை எண்ணாக்கலாம். எண்ணிலிருந்து அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற முடியாது. ஏனெனில் வேறு எத்தனையோ சொற்றொடர்களைக் கூட்டினாலும் அதே தொகை வரக்கூடும். எண் என்ற அளவில் 786 என்பது 2, 3, 131 ஆகியவற்றின் பெருக்கம். அதன் குணம் அதுவே. புனிதம் வாக்கியத்தில் இருக்கிறது. அதனை உள்ளம் உணர்ந்து ஓதுவதில் இருக்கிறது.

பெருமையும் பொறுப்பும்

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். 1636-இல் பிரான்சு நாட்டின் ஃபெர்மா 17,296, 18,416 என்னும் இணையை மெர்சென் என்னும் பாதிரியாருக்கு எழுதினார். 1638-இல் டேக்கார்த் 93,63,584, 94,37,056 என்னும் இணையை அதே மெர்செனுக்கு எழுதினார். நெடுங்காலம் இவ்விணைகள் அவ்விருவர் பெயராலேயே வழங்கின. ஃபெர்மாவுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாரிஸீயும் இப்னுல் பன்னாவும் முதலாவதை அறிந்திருந்தனர். இரண்டாவதையோ, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பாரசீகக் கணித அறிஞர் முஹம்மது பாகிர் யஸ்தீ தமது 'உயூனுல் ஹிஸாப்' என்னும் நூலில் தந்திருக்கிறார்.

இதனைக் கேட்டவுடன் நம் நெஞ்சு நிமிர்கின்றது. 'பார்த்தீர்களா, எல்லாம் நம்மவர் கண்டது. மேல்நாட்டார் தம் பெயரை ஒட்டிக்கொண்டனர்!' என்று மேடைகளில் முழங்குவதற்குப் பொருள் கிடைத்துவிட்டது. ஆனால் நீதி இரு பக்கமும் கூரான வாள். உழைத்தவன் பெயரைச் சொல்வது நீதி. அந்நீதியை நாம் கேட்பதும் சரியே. அதே நீதி நம்மையும் சில கேள்விகள் கேட்கும்.

முதலாவது, 'நம்மவர்' யார்? விதியைத் தந்த தாபித் முஸ்லிம் அல்லர். விண்மீன்களைப் போற்றிய ஸாபியீன் சமயத்தவர். அவரை அழைத்துவந்து ஆதரித்தோர் முஸ்லிம்கள். அவர் கற்றதோ யூக்ளிட் முதலிய கிரேக்கரின் நூல்களை. அறிவைக் கேட்டார்கள், அறிஞனின் சமயத்தைக் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மைதான் பக்தாதின் உண்மையான பெருமை. அதனை மறந்து 'நம்மவர்' என்று எல்லை வகுத்தால், அந்த எல்லைக்கு வெளியே முதலில் நிற்பவர் தாபித்தாகவே இருப்பார்.

இரண்டாவது, மறைந்த இப்பெயர்களை வெளிக்கொணர்ந்தவர் யார்? 1852-இல் தாபித்தின் விதியை அரபுக் கையெழுத்துப் படியிலிருந்து எடுத்து ஐரோப்பியருக்கு அறிவித்தவர் ஃபிரான்ஸ் வோப்கே என்னும் ஜெர்மானியர். பாரிஸீயின் நூலைப் பற்றி உலகம் விரிவாக அறிந்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், எகிப்தில் பிறந்து பாரிசில் பணியாற்றிய ருஷ்தீ ராஷிதின் ஆய்வால். வோப்கே தம் இனத்தின் புகழ் குறையுமே என்று அஞ்சி அச்சுவடியை மூடி வைக்கவில்லை. டேக்கார்த்தும் ஃபெர்மாவும் திருடினர் என்று சொல்வதற்கும் நம்மிடம் சான்று இல்லை. முன்னரே இருந்த ஒரு மலையுச்சிக்கு வெவ்வேறு பாதைகளில் வெவ்வேறு காலங்களில் பலர் ஏறலாம் அன்றோ!

மூன்றாவது கேள்வியே கடினமானது. பாரிஸீ 17,296-ஐச் சோதித்தார்; யஸ்தீ 93,63,584-ஐச் சோதித்தார். நாம் எதனைச் சோதித்தோம்? தந்தை கட்டிய வீடு மகனுக்குச் சொந்தம். அவன் ஒரு செங்கல்லும் எடுத்து வைக்க வேண்டுவதில்லை. அறிவு அத்தகைய சொத்தன்று. அதற்குப் பட்டா இல்லை, பாகப்பிரிவினை இல்லை. தந்தை நிறுவியதை மகன் தானும் நிறுவிப் பார்த்தாலன்றி அது அவனுக்கு வந்து சேராது. நிறுவிப் பார்த்தால் அது எவர் மகனுக்கும் சொந்தம்.

இதற்கொரு சான்று 1866-இல் கிடைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆய்லர் என்னும் கணித மேதை, சுமார் 60 நட்பெண் இணைகளைக் கண்டவர். கோடிகளைத் தொடும் எண்களையெல்லாம் துழாவிய அவர் கண்ணுக்குத் தப்பிய ஒரு சிறிய இணை இருந்தது: 1,184, 1,210. தாபித், பாரிஸீ, ஃபெர்மா, டேக்கார்த் எவரும் அதனைக் காணவில்லை. இத்தாலியைச் சேர்ந்த பகனீனி என்னும் பதினாறு வயதுச் சிறுவன் அதனைக் கண்டான். பேரறிஞர்கள் கடந்து சென்ற பாதையோரத்திலேயே அது கிடந்தது. உண்மை அவனிடம் குலத்தைக் கேட்கவில்லை, வயதையும் கேட்கவில்லை.

இன்று கணிப்பொறிகள் நூறு கோடிக்கும் மேற்பட்ட நட்பெண் இணைகளைக் கண்டறிந்துள்ளன. ஆயினும் தாபித்தின் விதி தந்தவை அந்த மூன்றே இணைகள். நான்காவது இன்றுவரை கிடைக்கவில்லை. நட்பெண்கள் முடிவின்றித் தொடருமா என்பதை எவரும் நிறுவவில்லை. ஒன்று ஒற்றைப்படையாகவும் மற்றொன்று இரட்டைப்படையாகவும் உள்ள ஓர் இணையை எவரும் காணவில்லை, இல்லையென்றும் காட்டவில்லை. வாசல் திறந்தே இருக்கிறது.

ஆகவே, முன்னோரின் பெருமையைப் பேசும் பெற்றோர்க்கு ஒரு சிறு வேண்டுகோள். 73,727 பகா எண்தான் என்று இக்கட்டுரையை நம்பி ஏற்காதீர்கள். 271-ஐ 271-ஆல் பெருக்கினால் 73,441; அடுத்த பகா எண்ணாகிய 277-ஐ அவ்வாறு பெருக்கினால் 73,727-ஐத் தாண்டிவிடும். எனவே 2 முதல் 271 வரையுள்ள 58 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஏழால் வகுத்தால் மீதி 3. பதினொன்றால் வகுத்தால் மீதி 5. பதின்மூன்றால் வகுத்தால் மீதி 4. எஞ்சியவற்றை உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு தாளும் பென்சிலும் தந்து ஒப்படையுங்கள். யஸ்தீக்கும் டேக்கார்த்துக்கும் தெரிந்திருந்த ஒன்று, அன்று மாலை அப்பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். கேட்டு அறிந்ததாக அன்று, கண்டு அறிந்ததாக.